எலிக்கு சரியாச்சாம், அம்மாவுக்கும் சரியாகுமா?

வாசகர் கேள்வி: வணக்கம் மேடம். அம்மாவுக்கு 69 வயசு, கும்பகோணத்துல எங்க கூட இருக்காங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அல்சைமர் ஆரம்ப நிலைன்னு நியூரோ டாக்டர் சொன்னாரு, டொனெபெசில் மாத்திரை போயிட்டிருக்கு. ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சதால ரத்தம் உறையாம இருக்கவும் மாத்திரை சாப்பிடறாங்க. போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ், மஞ்சள் சத்து குடுத்த எலிங்களோட மூளைல அல்சைமர் அழுக்கு பாதியா குறைஞ்சிடுச்சு, விஞ்ஞானிங்க நிரூபிச்சிட்டாங்கன்னு. கீழயே கேப்ஸ்யூல் விளம்பரம், மாசம் 4,500 ரூபா. அண்ணன் வாங்கிடலாம்ங்கறான். எலிக்கு அல்சைமரே வராதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு. அப்ப எலில பாத்தது பொய்யா? தினமும் விடிகாலைல கோலம் போடற அம்மா மூணு மாசமா கோலப்பொடி டப்பாவத் தொடவே இல்ல, அதான் பயம் அதிகமாயிடுச்சு. பேர் போட வேண்டாம்.

பதில்: கேப்ஸ்யூல் வாங்க வேண்டாம்மா, அண்ணன்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. அம்மா ஸ்டென்ட்டுக்கு மாத்திரை சாப்பிடறாங்க, அதோட மஞ்சள் சத்த அடர்த்தியா எடுத்தா ரத்தக்கசிவு கூடலாம், அது முதல் காரணம். உடம்புல நல்லா ஏறணும்னு மிளகு சத்து சேர்த்து விக்கற மஞ்சள் கேப்ஸ்யூல் சாப்பிட்டு லிவர் பாதிச்ச கேஸுங்க பதிவாகியிருக்கு, அது ரெண்டாவது. சாம்பார்ல ரசத்துல போடற மஞ்சள்தூள் வேற கதை, அத நிறுத்த வேண்டியதில்ல. நான் மருந்து எழுதிக் குடுக்கற டாக்டர் இல்ல, மூளை நோய்க்கு எலிகள வெச்சு ஆராய்ச்சி பண்ற லேப்ல 16 வருஷமா இருக்கேன், அதனால மாத்திரை விஷயத்துல கடைசி வார்த்தை உங்க நியூரோ டாக்டரோடதுதான். ஆனா அந்த எலி செய்தி என் வேலைக்குள்ள வர்ற விஷயம், அத முழுசா சொல்றேன்.

உங்களுக்கு வந்த மெசேஜ் பொய் இல்ல, அதான் கஷ்டமே. 2001ல கலிஃபோர்னியாவுல இத செஞ்சு பாத்திருக்காங்க, அல்சைமர் மாதிரி படிவு வர்ற சுண்டெலிகளுக்கு தீனில குர்குமின், அதாவது மஞ்சள்ல இருக்கற சத்து, கலந்து குடுத்தாங்க, மூளைல இருந்த அமிலாய்டு படிவு, அதாவது மெசேஜ்ல அழுக்குன்னு சொன்ன புரதக் கட்டி, பாதி கிட்ட குறைஞ்சது நெஜம். ஆனா மெசேஜ்ல வராத ஒண்ணு இருக்கு. அவங்க ரெண்டு அளவுல குடுத்துப் பாத்தாங்க, கொஞ்சமா குடுத்த எலிகளுக்குத்தான் படிவு குறைஞ்சது, அதவிட 30 மடங்கு அதிகமா குடுத்ததுங்களுக்கு படிவு குறையல. ஒரு கேப்ஸ்யூலுக்கு பதிலா ரெண்டா குடுத்தா சீக்கிரம் சரியாகும்னு வீட்டுல யாராவது சொன்னா இதச் சொல்லுங்க.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் சரிதான். சுண்டெலி ரெண்டு மூணு வருஷம் வாழும், எவ்வளவு கெழடானாலும் நம்மள மாதிரி அமிலாய்டு படிவு தானா வராது, ஏன்னா அதோட அமிலாய்டு புரதத்துல மூணு எடத்துல அமினோ அமிலம் மாறியிருக்கு, நம்மளுது மாதிரி சுலபமா ஒட்டிக்காது. அதனால மனுஷ ஜீன எடுத்து எலிக்குள்ள வெக்கறாங்க, அதுவும் சாதாரண ஜீன் இல்ல, பரம்பரையா சின்ன வயசுலயே அல்சைமர் வர்ற குடும்பங்கள்ல கண்டுபிடிச்ச மாறுதல் உள்ள ஜீன். 2001 ஆராய்ச்சில இருந்த எலி 1996ல உருவாக்குனது, டிஜி2576ன்னு பேரு, ஸ்வீடன்ல ஒரு குடும்பத்துல பாத்த மாறுதல் அதுக்குள்ள இருக்கு. 2006ல இன்னொண்ணு வந்துச்சு, ஃபைவ் எக்ஸ் ஃபாட்னு சொல்வோம், அதுல ஒரே எலிக்குள்ள அஞ்சு மாறுதல், அமிலாய்டு புரத ஜீன்ல ஸ்வீடிஷ், ஃப்ளோரிடா, லண்டன்னு பேர் வெச்ச மூணு, அதுக்கு மேல பிரெசெனிலின்ங்கற இன்னொரு ஜீன்ல ரெண்டு. அஞ்சும் ஒண்ணா இருக்கற மனுஷன் ஒலகத்துல யாரும் இல்ல. ரெண்டு மாசத்துலயே படிவு வந்துடும், அதனால லேப்ல எங்களுக்கு நேரம் மிச்சம், ஆனா உங்க அம்மாவுக்கு 60 வயசுக்கு மேல மெதுவா வந்த நோயும் இதுவும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன். டிஜி2576 எலிக்கு படிவு நெறைய வரும், ஆனா நரம்பு செல்லுங்க பெருசா சாகறதில்ல, மனுஷங்களுக்கு ஆரம்பத்துலயே சாக ஆரம்பிச்சிடும். இந்த எலிகள் எல்லாம் நோயோட ஒரு துண்டத்தான் காட்டும், முழு நோயக் காட்டாது.

இப்ப நெசமான விஷயத்துக்கு வரேன். எலி செய்தி எது வந்தாலும் நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான், அவங்க எத அளந்தாங்க? மூளைல இருந்த கறையையா, இல்ல அந்த எலியால என்ன செய்ய முடிஞ்சுதுங்கறதையா?

கறைய அளக்கறது எப்படின்னா, எலி இறந்தப்புறம் மூளைய எடுத்து தலைமுடி கனத்துக்கும் கம்மியா சீவி, கண்ணாடித் துண்டுல வெச்சு சாயம் போடுவோம், தயோஃப்ளேவின்னு ஒரு சாயம், மைக்ராஸ்கோப்ல பாத்தா படிவெல்லாம் பச்சையா மின்னும். அது எத்தன சதவீதம் எடத்தப் புடிச்சிருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லிடும். சுத்தமான நம்பர், படம் போட அழகா இருக்கும், பேப்பர்காரங்களும் அததான் எடுத்துப் போடுவாங்க.

எலியால என்ன முடியுதுன்னு பாக்கறது அப்படி இல்ல, அதுக்குப் பொறுமை வேணும். ரிச்சர்ட் மோரிஸ் 1980கள்ல கொண்டு வந்த தண்ணித் தொட்டி சோதனை இருக்கு, கிணத்து உறை மாதிரி பெரிய வட்டத் தொட்டி, தண்ணில பால் பவுடரோ விஷமில்லாத வெள்ளப் பெயின்ட்டோ கலந்து உள்ள இருக்கறது தெரியாம ஆக்கிடுவோம், தண்ணிக்கு ஒரு விரக்கடை கீழ சின்ன மேடை ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். சுவத்துல ஒட்டியிருக்கற படங்கள அடையாளம் வெச்சு எலி அந்த மேடையக் கண்டுபிடிச்சு ஏறி நிக்கணும். நல்லா இருக்கற எலி நாலஞ்சு நாள்ல கத்துக்கும், விட்ட ஒடனே நேரா போகும். ஞாபகம் போன எலி ஓரத்தப் புடிச்சிக்கிட்டே சுத்திச் சுத்தி நீந்தும், நேத்து வந்த அதே தொட்டின்னு அதுக்குத் தெரியாது. பாக்க மனசுக்கு என்னமோ பண்ணும், எனக்கு இன்னும் பழகல.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் ஒரு கூட்டம் எலிகள இந்தத் தொட்டில விட்டேன், அதுல நாலு எலி மேடையக் கண்டுபிடிக்கவே இல்ல, ஞாபகம் மோசமா போயிடுச்சுன்னு நோட்டுல எழுதிட்டேன். எங்க சீனியர் அக்கா வந்து பாத்துட்டு, மேடைய தண்ணிக்கு மேல தெரியற மாதிரி வெச்சு, அது மேல ஒரு கொடியும் நட்டு விடுன்னாங்க. அப்பவும் அந்த நாலும் போகல. டெஸ்ட் பண்ணிப் பாத்தா நாலுக்கும் பார்வையே கிடையாது. இந்த மாதிரி எலிகள்ல சிலதோட பரம்பரையில விழித்திரைய அழிக்கற ஒரு ஜீன் ஓடுது, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அது வந்துட்டா எலி குருடாயிடும். நான் ஞாபக மறதின்னு எழுதினது கண்ணு தெரியாதது. இத ஏன் உங்களுக்குச் சொல்றேன்ங்கறதுக்கு, கோலத்துக்கு வரும்போது திரும்ப வரேன்.

கறையும் செயலும் ஒண்ணா போகும்னுதான் எல்லாரும் நெனப்போம், அழுக்கு போனா புத்தி தெளியணும் இல்லையா. அப்படி நடக்கறதில்ல. 2005ல ஒரு எலி, அல்சைமர்ல முடிச்சு முடிச்சா சேர்ற டௌங்கற இன்னொரு புரதம் மூளைல அளவுக்கு மீறி சுரக்கற மாதிரி உருவாக்குனது, டாக்சிசைக்ளின் மாத்திரை குடுத்தா அந்த ஜீன் ஆஃப் ஆயிடும். ஆஃப் பண்ணாங்க, எலிக்கு ஞாபகம் திரும்புச்சு, ஆனா மூளைக்குள்ள டௌ முடிச்சுங்க கொறையாம மேல மேல சேந்துக்கிட்டே போச்சு. மைக்ராஸ்கோப்ல மட்டும் பாத்தவங்க நோய் முத்துதுன்னு சொல்லியிருப்பாங்க, தொட்டில பாத்தவங்க தேறுதுன்னு சொல்லியிருப்பாங்க. 2019ல அதே எலியப் பத்தி இன்னொரு விஷயம் வெளிய வந்துச்சு, வெளிலேர்ந்து ஜீன உள்ள சொருகுனப்ப எலியோட சொந்த ஜீன் ஒண்ணு ஒடஞ்சிருக்கு, அதோட மூளை சுருங்குனதுக்கு டௌ மட்டும் காரணம் இல்ல. 14 வருஷம் ஒலகம் பூரா லேப்ல பயன்படுத்தின எலி அது.

படிவு ஜீன் உள்ள எலிகள சும்மா ஒரு கூண்டுல போடாம, ஓடறதுக்கு சக்கரம், ஒளிஞ்சிக்க குழாய், கூட வெளையாட நாலு எலின்னு வெச்சுப் பாத்ததும் இருக்கு. ஒரு லேப்ல படிவு குறைஞ்சுது. இன்னொரு லேப்ல அமிலாய்டு கூடிப் போச்சு, ஆனா கூடின அந்த எலிங்களும் தொட்டில நல்லா பண்ணுச்சு. எனக்கு ரொம்பப் புடிச்ச முடிவு அது.

மனுஷங்கள்லயும் இத பாத்திருக்காங்க. 1986ல அமெரிக்காவுல டேவிட் ஸ்னோடன் கன்னியாஸ்திரிகள வெச்சு ஒரு ஆய்வு ஆரம்பிச்சாரு, 678 பேர், இறந்தப்புறம் மூளைய தானமா குடுக்க எழுதிக் குடுத்தவங்க. அதுல 101 வயசு வரைக்கும் டெஸ்ட்ல நல்ல மார்க் வாங்கிக்கிட்டிருந்த ஒரு சிஸ்டரோட மூளையத் திறந்து பாத்தா படிவும் முடிச்சும் நெறைய. இதுக்கு நேர் எதிரா ஒரு கதையும் இருக்கு. 1999ல படிவுக்கு எதிரா தடுப்பூசி மாதிரி ஒண்ணு எலிக்குப் போட்டாங்க, படிவு வராம தடுத்துச்சு, ஏற்கனவே வந்ததும் குறைஞ்சுது, எங்க துறையே கொண்டாடுச்சு. மனுஷங்களுக்குப் போட ஆரம்பிச்சு 2002ல நிறுத்த வேண்டியதா போச்சு, போட்டுக்கிட்ட ஏறக்குறைய 300 பேர்ல 18 பேருக்கு மூளை அழற்சி. எலிகள்ல அது தெரியவே இல்ல. பல வருஷம் கழிச்சு, இயற்கையா இறந்த சிலரோட மூளையப் பாத்தப்ப படிவு கிட்டத்தட்ட முழுசா தொடச்சு விட்ட மாதிரி இருந்துச்சு, ஆனா அவங்க டிமென்ஷியா முத்திப் போய்தான் இறந்திருக்காங்க. 2008ல இந்த ரிப்போர்ட் வந்தப்ப எங்க லேப்ல யாரும் அன்னைக்கு டீ குடிக்கக்கூட எழுந்திரிக்கலையாம்.

மஞ்சளுக்கும் மனுஷ சோதனை நடந்தாச்சு. 2012ல வந்த முடிவு, அல்சைமர் உள்ள 36 பேர், 24 வாரம், தினமும் 2 கிராம் இல்ல 4 கிராம் குர்குமின், மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசம் தெரியல, ரத்தத்துல சத்து ஏறினதே ரொம்பக் கொஞ்சம். சின்ன சோதனைதான், ஆனா மாசம் 4,500 ரூபா குடுக்கற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்ல இது போதும்.

எலில நல்லா இருந்தது மனுஷனுக்கு கெடுதலா போனதும் உண்டு. ஏஎல்எஸ்னு ஒரு நோய், தசைய இயக்கற நரம்புங்க ஒவ்வொண்ணா செத்துப் போகும். அதுக்கு 1994லேர்ந்து ஒரு எலி இருக்கு, சுத்தற உருளை மேல அத நிக்க வெச்சு எத்தன நொடி தாக்குப் புடிக்குதுன்னு பாப்போம். முகப்பருவுக்குக் குடுக்கற மினோசைக்ளின்கற ஆன்டிபயாட்டிக் குடுத்தா அந்த எலி கூட கொஞ்ச நாள் வாழ்ந்துச்சு. 412 நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க, 2007ல முடிவு வந்துச்சு, மருந்து சாப்பிட்டவங்க மத்தவங்கள விட 25 சதவீதம் வேகமா நலிஞ்சாங்க. அதுக்கு அடுத்த வருஷமே அமெரிக்காவுல ஒரு ஏஎல்எஸ் ஆராய்ச்சி நிறுவனம் 70க்கு மேல மருந்துங்கள 18,000 எலில திரும்ப ஒழுங்கா சோதிச்சதோட முடிவு வந்துச்சு, ஆண் பெண் சரிசமமா, ஒரே ஈத்துல பொறந்ததுங்கள ரெண்டு பக்கமும் பிரிச்சு வெச்சு. ஒரு மருந்துகூட ஆயுளக் கூட்டல. முன்னாடி பாத்த நல்ல ரிசல்ட்டுல நெறைய, கம்மி எலிகள வெச்சதால தற்செயலா வந்ததா இருந்திருக்கணும்.

அப்ப எலி வேலையே வீணான்னு கேப்பீங்க. இல்லம்மா, இல்லைன்னா நான் 16 வருஷம் இதுல இருந்திருக்க மாட்டேன். 1957ல ஸ்வீடன்ல ஆர்விட் கார்ல்சன் முயலுக்கு ரெசெர்பின்ங்கற மருந்து குடுத்தாரு, அது அசையாம காத தொங்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்துடுச்சு, எல்-டோபா ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்துல முழிச்சு நடமாட ஆரம்பிச்சுது. இன்னைக்கும் பார்கின்சன்காரங்க சாப்பிடற மாத்திரை அங்கேர்ந்து வந்ததுதான், அவருக்கு 2000ல நோபல் குடுத்தாங்க. இந்த எல்-டோபாவ நம்ம ஊர் பூனைக்காலி விதைலேர்ந்து 1937லயே பிரிச்செடுத்து எழுதினது சென்னைப் பல்கலைக்கழக லேப்ல இருந்த ரெண்டு பேர், யாரும் அதிகமா பேசாத விஷயம். அப்புறம் 1990ல, பார்கின்சன் மாதிரி கை கால் எறுகிப் போன குரங்குகளோட மூளைல ஒரு சின்ன எடத்த செயலிழக்க வெச்சதும் அதுங்க திரும்ப அசைய ஆரம்பிச்சுது, மூளைக்குள்ள கம்பி வெச்சு கரண்ட் குடுக்கற இன்னைய ஆபரேஷன் அதே எடத்தக் குறி வெச்சுத்தான் வளந்துச்சு. பாருங்க, ரெண்டுலயும் விலங்கு எழுந்து நடந்துச்சா இல்லையாங்கறதத்தான் பாத்தாங்க.

நீங்க கேக்கல, ஆனா அண்ணன் அடுத்து கேப்பாரு, அதனால புது ஊசிகளப் பத்தியும் ஒரு வார்த்தை. லெகனெமாப், 2023ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது. 1,795 பேர்ல 18 மாசம் பாத்தாங்க, படிவு நல்லா குறைஞ்சுது, நோய் முத்தற வேகம் 27 சதவீதம் கம்மியாச்சு, 18 புள்ளி வரைக்கும் போற ஒரு அளவுகோல்ல 0.45 புள்ளி வித்தியாசம். நின்னு போகல, திரும்பி வரல, கொஞ்சம் மெதுவாச்சு. ஊசி போட்டுக்கிட்டவங்கள்ல 100க்கு 12, 13 பேருக்கு ஸ்கேன்ல மூளை வீக்கம் தெரிஞ்சுது, அதனால அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்கணும், ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்களுக்கு தனியா யோசிக்கணும். அம்மா ஆரம்ப நிலைங்கறதால டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கலாம், கேக்கும்போது ஸ்டென்ட் விஷயத்த முதல்ல சொல்லிட்டுக் கேளுங்க.

சரி, கோலம். உங்க லெட்டர்ல என்னை நிறுத்தி வெச்சது அந்த வரிதான்.

எங்க லேப்ல கூடு கட்டற சோதனைன்னு ஒண்ணு இருக்கு, தண்ணித் தொட்டிய விட எனக்கு இதுமேலதான் நம்பிக்கை அதிகம். சாயங்காலம் விளக்கு அணையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கூண்டுல 3 கிராம் அழுத்தின பஞ்சுத் துண்டு ஒண்ணு போடுவோம், பிஸ்கட் மாதிரி சதுரமா இருக்கும். காலைல வந்து பாப்போம். நல்லா இருக்கற சுண்டெலி ராத்திரி பூரா அத கடிச்சுப் பிரிச்சு, சுத்தி சுவர் எழுப்பி கிண்ணம் மாதிரி கூடு கட்டி உள்ள தூங்கிட்டிருக்கும், அதுக்கு 5 மார்க். நோய் வந்த எலியோட கூண்டுல பஞ்சு போட்டபடி சதுரமாவே கெடக்கும், ஒரு மூலைல மட்டும் லேசா கடிச்சிருக்கும், எலி வெறும் தரைல சுருண்டு படுத்திருக்கும். அதுக்கு 1 மார்க். யாரும் அத கட்டாயப்படுத்தல, தினப்படி தானா செய்யற வேலை, அது நின்னு போறப்ப உள்ள ஏதோ மாறியிருக்கு.

ஆனா 1 மார்க் போட்ட கையோட ஞாபகம் போச்சுன்னு எழுத மாட்டோம், அந்தக் கண்ணு தெரியாத நாலு எலி எனக்குக் கத்துக் குடுத்த பாடம். பல்லு வளந்து கடிக்க முடியலையா, காலு வலியா, கூண்டு ரொம்ப சூடா இருக்கா, எல்லாம் பாக்கணும். அதேதான் அம்மாவுக்கும். கோலம் நின்னதுக்கு அல்சைமர் முத்துனது ஒரு காரணமா இருக்கலாம், ஆனா அது மட்டும்தான்னு மூணு மாசம் தவிச்சிக்கிட்டு இருந்திருக்கீங்க. முட்டி வலில குனிய முடியலையா? கண்புரை வந்து விடிகாலை இருட்டுல புள்ளி தெரியலையா? தலை சுத்துதா? புள்ளி வெக்கறப்ப எண்ணிக்கை தப்பிப் போய் ஒரு நாள் கோலம் கோணலாகி, யாரோ ஏதோ சொல்லி, வெக்கத்துல விட்டுட்டாங்களா? இல்ல எதுலயுமே நாட்டம் இல்லாம மனச்சோர்வா? ஒவ்வொண்ணுக்கும் பண்ண வேண்டியது வேற வேற, சிலது சரி பண்ணக்கூடியது. கண்ணு, காது, தைராய்டு, பி12, தூக்கம், சமீபத்துல மாத்தின மாத்திரை, இத்தனையும் அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறப்ப வரிசையா கேளுங்க. 2024ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட நிபுணர் குழு டிமென்ஷியாவுக்கு காரணமாகற, நம்மால மாத்தக்கூடிய 14 விஷயத்த பட்டியல் போட்டப்ப காது கேக்காம விடறதும் கண்ணு மங்கிப் போய் கவனிக்காம விடறதும் அதுல இருந்துச்சு.

ஒரு நோட்டு போடுங்க. ஞாபகம் எப்படி இருக்குன்னு பொதுவா எழுதாதீங்க, என்ன செஞ்சாங்கன்னு எழுதுங்க. புடவை தானே கட்டினாங்களா, கொசுவம் வெச்சாங்களா, காபி போட்டா டிகாக்‌ஷன் எறங்கற வரைக்கும் நின்னாங்களா, மாத்திரை டப்பாவுல இன்னைக்கு அறைய சரியா திறந்தாங்களா. தேதியோட எழுதி மாசம் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டினா அஞ்சு நிமிஷ பரிசோதனைல அவருக்குத் தெரியாதது அதுல தெரியும்.

வர்ற ஞாயித்துக்கிழமை ஒண்ணு செஞ்சு பாருங்க. இருட்டுல வேண்டாம், ஏழு மணிக்கு மேல நல்ல வெளிச்சத்துல, வாசல்ல ஒரு மணைய போட்டு அம்மாவ ஒக்கார வெச்சு, கோலப்பொடி டப்பாவ அவங்க கைலயே குடுத்துட்டு நீங்க பக்கத்துல ஒக்காருங்க. எதுவும் சொல்லாதீங்க, புள்ளி எத்தனைன்னு கேக்காதீங்க, தப்பா போட்டா திருத்தாதீங்க. அவங்க தானா ஆரம்பிக்கறாங்களா, ஆரம்பிச்சு நடுவுல நிக்கறாங்களா, முட்டியப் புடிக்கறாங்களா, கண்ணச் சுருக்கிப் பாக்கறாங்களான்னு மட்டும் கவனிங்க. டப்பாவ மூடி வெச்சிட்டாங்கன்னா அதுவும் சரி, நீங்க ஒரு நாலு புள்ளி வெச்சு விட்டுப் பாருங்க, சேக்கற கோடு அவங்க கைலேர்ந்து வருதான்னு. பாத்தத அன்னைக்கே நோட்டுல எழுதிட்டு, கண் டாக்டர்கிட்ட காட்டினப்புறம் எனக்கு திரும்ப எழுதுங்கம்மா, காத்திருக்கேன்.